உயரமும் ‘ஜி’யும் உடம்பை என்ன செய்யும்? சேலத்திலிருந்து போர் விமானியாகக் கிளம்புகிறவர்களுக்கு

ஏற்காட்டில் தண்ணீர் குடித்து முடித்த பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரமும் கோரிமேடும் தாண்டி, அஸ்தம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எடுத்துப் பாருங்கள். யாரோ உள்ளங்கையால் அமுக்கியதுபோல் பக்கங்கள் ஒடுங்கியிருக்கும். ஏறும்போது இதற்கு நேர்மாறு. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போய்ச் சேர்வதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும்.

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 278 மீட்டர். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4,970 அடி. பாதரசக் கணக்கில் சேலத்தில் 735 மி.மீ. அளவில் இருக்கும் காற்றழுத்தம் ஏற்காட்டில் 633க்கு இறங்கிவிடுகிறது. பாட்டிலுக்குள் மாட்டிய மலைக்காற்று கீழே வந்ததும் ஏழில் ஒரு பங்கு சுருங்குகிறது. சேலத்து வெயில் அதைக் கொஞ்சம் விரிய வைப்பதால் ஒடுக்கம் சற்றுக் குறைவாகத் தெரியும். ஒரு மணி நேர பஸ் பயணத்துக்கே இப்படியென்றால், ஓரிரு நிமிடத்தில் 30,000 அடி ஏறும் விமானத்துக்குள் இருக்கும் உடம்பை நினைத்துப் பாருங்கள்.

விமானப்படையில் சேர்ந்து போர் விமானம் ஓட்ட வேண்டும் என்று நினைக்கும் சேலத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். தேர்வுக்குப் படிக்க நிறையப் புத்தகங்கள் கிடைக்கின்றன. உடம்பைப் பற்றித் தமிழில் சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் அந்த இருக்கையில் உயிரைக் காப்பதும் வாங்குவதும் இந்த விஷயம்தான்.

ஆபத்து இரண்டு. ஒன்று உயரம், இன்னொன்று ‘ஜி’, அதாவது திருப்பத்தில் உடம்பின் எடை எத்தனை மடங்காகிறது என்ற கணக்கு. இரண்டும் கடைசியில் அடிப்பது ஒரே இடத்தை. மூளைக்கு ஆக்ஸிஜன் போவது நின்றுபோகிறது. உயரத்தில் காற்றுக்கு அழுத்தம் போதாமல் நிற்கிறது. கூர்மையான திருப்பத்தில் ரத்தம் தலைக்கு ஏறாமல் நிற்கிறது. இரண்டிலும் உள்ள பொல்லாத்தனம் என்னவென்றால், ஏதோ தப்பாகப் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது. அதனால் “எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்ற உணர்வை விமானி நம்பக் கூடாது. கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிய வேலையைத்தான் நம்ப வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

உயரத்தின் கணக்கு

மேலே போனால் காற்றில் ஆக்ஸிஜன் சதவீதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சேலத்திலும் 21 சதவீதம்தான், 30,000 அடியிலும் 21 சதவீதம்தான். குறைவது அதை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம். 18,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. 25,000 அடியில் 282 மி.மீ. மட்டுமே.

இந்தக் கணக்கை ஒருமுறை நோட்டில் போட்டுப் பாருங்கள். மனதில் நன்றாகப் பதியும். மூச்சுக்குழாய்க்குள் போனதும் காற்று ஈரமாகிவிடும். அந்த நீராவி 47 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதியில் 21 சதவீதம் ஆக்ஸிஜனுக்கு. சேலத்தில் 735லிருந்து 47ஐக் கழித்தால் 688, அதில் 21 சதவீதம் 144. ஏற்காட்டில் அதே கணக்கு 123 தரும். 25,000 அடியில் வெறும் 49. நுரையீரலின் காற்றறைகளில் கரியமில வாயுவும் இடம் பிடிப்பதால் அங்கே மிஞ்சுவது இன்னும் குறைவு, சுமார் 30.

உடம்பைச் சுற்றிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் ஏறக்குறைய 40. காற்றறையில் அதைவிடக் குறைவாக இருந்தால் என்ன நடக்கும்? ஆக்ஸிஜன் பின்பக்கமாக, ரத்தத்திலிருந்து காற்றுக்குப் போகும். 35,000 அடியில் விமான அறையின் அழுத்தம் திடீரென்று போனால் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு மூச்சும் உடம்பில் இருக்கும் ஆக்ஸிஜனை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. “மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம்” என்று நினைப்பவர்களும் தப்ப முடியாது. அழுத்தம் போகும்போது விரியும் காற்றை நுரையீரலால் பிடித்து வைக்க முடியாது. பிடித்தால் நுரையீரலே கிழியும்.

ஆக்ஸிஜன் அறுந்த பிறகு உருப்படியாக ஏதாவது செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது? 18,000 அடியில் 20 முதல் 30 நிமிடம். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம். 30,000 அடியில் ஒன்றிரண்டு நிமிடம். 35,000 அடியில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். 40,000 அடியில் 15 முதல் 20 விநாடி. அழுத்தம் திடீரென்று போனால் இவை பாதியாகும். மயங்கி விழும் நேரத்தை இவை சொல்லவில்லை. சரியான சுவிட்சைச் சரியாகப் போட முடிகிற கடைசி நேரம் இது. அதற்குப் பிறகு கண் திறந்திருக்கும், புன்னகைகூட இருக்கும், ஆனால் ஆள் இருக்க மாட்டார்.

இதற்கு மிகப் பழைய சாட்சி 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று பிரான்ஸில் ‘ஜெனித்’ என்ற பலூனில் ஏறிய மூவர். ஆக்ஸிஜன் பைகள் பக்கத்திலேயே தொங்கின. 8,000 மீட்டரை எட்டியபோது குழாயை எடுக்கக் கை தூக்க முடியவில்லை. சிவெல், குரோசே-ஸ்பினெல்லி இருவரும் இறந்தார்கள். பிழைத்த திசாந்தியே எழுதியது படிக்கத் தகுந்தது. அந்த நேரத்தில் அவருக்கு வலியோ பயமோ இல்லை, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்ததாம்.

அறிகுறி: ஒவ்வொருவருக்கும் வேறு

விரல் நுனியில் குறுகுறுப்பு, முகத்தில் சூடு, உதடும் நகமும் நீலம் பாய்தல், கண்ணில் நிறம் மங்குதல், காரணமில்லாத சிரிப்பு, எரிச்சல், எளிய கழித்தல் கணக்கில் தடுமாற்றம், ஒரே வேலையில் புத்தி சிக்கிக்கொள்வது. இவையெல்லாம் ஒருவருக்கே வராது. உங்களுக்கு எது முதலில் வருகிறது என்பதுதான் கேள்வி. ஒருவருக்கு எப்போதும் காது சூடாகும், இன்னொருவருக்குக் கால் கனக்கும். அந்த முதல் அறிகுறி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே வரிசையில் திரும்ப வரும் என்பதால், அதைக் கண்டுபிடிக்கவே, உயரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தைத் தரையிலேயே உண்டாக்கும் அழுத்தக் குறைப்பு அறையில் உட்கார வைக்கிறார்கள்.

அந்த அறையில் நடப்பது இதுதான். முதலில் 30 நிமிடம் முழு ஆக்ஸிஜன் சுவாசிக்க வைப்பார்கள். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனை வெளியேற்ற இது தேவை. இதைச் செய்யாமல் ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நைட்ரஜன் ரத்தத்திலும் மூட்டிலும் குமிழியாகக் கிளம்பும். பிறகு அறையின் காற்றழுத்தத்தை 25,000 அடியில் இருக்கும் அளவுக்குக் குறைத்து, ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றச் சொல்வார்கள். கையில் ஒரு தாள், பென்சில். கூட்டல் கழித்தல், கையெழுத்து. முதல் வரியில் கையெழுத்து பாங்கில் போடுவதுபோல் தெளிவாக இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் எழுத்துகள் பெரிதாகி, கோட்டை விட்டு இறங்கி, ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்கள். அப்போது கேட்டால் “நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பார்கள். முகமூடி மாட்டிய சில விநாடிகளில் எதிரே இருக்கும் வண்ணத்தாள் விளக்குப் போட்டதுபோல் பளிச்சென்று மாறும். நிறம் மங்கியிருந்தது அப்போதுதான் தெரியும். ஆக்ஸிஜன் கிடைத்த உடனே ஒரு கணம் நிலைமை மோசமாவதுபோல் சிலருக்குத் தோன்றும். அதற்குப் பயந்து முகமூடியைக் கழற்றிவிடக் கூடாது.

ஏற்காட்டில் போய்த் தங்கினால் இதற்குப் பழகிவிடலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. 5,000 அடிக்கு உடம்பு பழகுவது 25,000 அடிக்கு உதவாது. ஆனால் ஏற்காடு ஒன்றைக் காட்டும். இருட்டில் பார்க்கும் திறன் ஏறக்குறைய 5,000 அடியிலிருந்தே குறையத் தொடங்குகிறது. விழித்திரை உடம்பிலேயே அதிகம் ஆக்ஸிஜன் தின்னும் இடங்களில் ஒன்று. இரவுப் பறப்பில் விமானிகள் தரையிலிருந்தே ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்வது இதனால்தான். கடைகளில் ‘உயரப் பயிற்சி முகமூடி’ என்று விற்பதை வாங்காதீர்கள். அது மூச்சிழுப்பதைக் கடினமாக்குமே தவிர ஆக்ஸிஜன் அழுத்தத்தைக் குறைக்காது.

முகமூடியும் அவசர வேலையும்

பயணிகள் விமானத்தில் அறையின் அழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். போர் விமானம் அப்படியில்லை. குண்டு துளைத்தால் அறை வெடிக்காமல் இருக்க உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் குறைவாகவே வைப்பார்கள். பல விமானங்களில் அது சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு. 40,000 அடியில் பறக்கும்போது உள்ளே இருப்பவருக்கு 16,000, 17,000 அடியில் இருப்பதுபோல்தான். அதனால் முகமூடி கழற்றும் பேச்சே இல்லை.

இன்றைய விமானங்களில் ஆக்ஸிஜன் பெரும்பாலும் சிலிண்டரில் வருவதில்லை. எஞ்சினிலிருந்து எடுத்த காற்றை ஜியோலைட் என்ற கனிமக் குருணை நிரப்பிய கலங்கள் வழியாக விடுவார்கள். குருணை நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். 90 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜனாக வெளியே வரும். தேஜஸ் விமானத்துக்காக இந்த அமைப்பை உருவாக்கியது பெங்களூருவில் உள்ள டெபெல் என்ற பாதுகாப்புத் துறை ஆய்வகம். எஞ்சின் நின்றால் இதுவும் நிற்கும் என்பதால் இருக்கையோடு சிறு அவசர சிலிண்டர் ஒன்று இருக்கும்.

ஏறுவதற்கு முன் சோதிக்கும் ஐந்தையும், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பிரைஸ்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். அழுத்தமானியில் போதிய அழுத்தம் இருக்கிறதா, ரெகுலேட்டர் வேலை செய்கிறதா, மூச்சிழுக்கும்போது ஓட்டம் காட்டும் முள் அல்லது விளக்கு அசைகிறதா, குழாய் இணைப்புகள் முழுதாகப் பூட்டியிருக்கின்றனவா, அவசர சிலிண்டர் தயாரா. பெரும்பாலான கோளாறு நான்காவதில்தான். இணைப்பு பாதி மாட்டியிருக்கும், கழுத்தைத் திருப்பும்போது கழன்றுவிடும்.

பறக்கும்போது சந்தேகம் வந்தால், உறுதியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரெகுலேட்டரின் மூன்று சுவிட்சுகளையும் ஒரே தள்ளலில் மேலே தள்ளுங்கள்: வழங்கல் திறப்பு, முழு ஆக்ஸிஜன், அவசர அழுத்தம். முகமூடியை முகத்தோடு அழுத்திப் பிடித்து இணைப்பைக் கையால் தடவிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் அவசர சிலிண்டரை இழுங்கள். கூடவே 10,000 அடிக்குக் கீழே இறங்குங்கள். மூச்சை நிமிடத்துக்கு 12 முதல் 16 என்று மெதுவாக்குங்கள். இது ஏன் கடைசியில் வருகிறது? பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டாலும் இதே குறுகுறுப்பும் தலைச்சுற்றலும் வரும். எது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. ஆக்ஸிஜன் குறைவுக்கான வேலையை முதலில் செய்துவிட்டால் இரண்டும் அடங்கும்.

‘ஜி’ என்றால் என்ன

ஏற்காடு மலைப்பாதையில் 10 மீட்டர் ஆரம் உள்ள வளைவை பஸ் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் உங்களைப் பக்கவாட்டில் தள்ளும் விசை சுமார் 0.3 ஜி. அதற்கே கைப்பிடியைப் பிடிக்கிறோம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் 700 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் 9 ஜி. 60 கிலோ ஆள் 540 கிலோ ஆகிறார். ஐந்து கிலோ தலையும் இரண்டு கிலோ ஹெல்மெட்டும் சேர்ந்து கழுத்தின் மேல் 63 கிலோ மூட்டையாக உட்காரும்.

எடை பெரிய தொல்லை இல்லை, ரத்தம்தான் தொல்லை. திருப்பத்தில் விசை தலையிலிருந்து காலை நோக்கி இழுக்கிறது. இதயத்திலிருந்து கண் சுமார் 30 செ.மீ. மேலே இருக்கிறது. அந்த 30 செ.மீ. ரத்தத்தை ஏற்ற ஒரு ஜியில் சுமார் 23 மி.மீ. அழுத்தம் செலவாகும். 9 ஜியில் அதே தூரம் ஒன்பது மடங்கு கனத்து, 270 செ.மீ. உயரத்துக்குச் சமமாகிறது. தரைத்தளத்தில் இருக்கும் மோட்டார் மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவதுபோல் இதயம் ஒரு மாடி உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற வேண்டும். தேவை 200 மி.மீ.க்கு மேல். இதயத்தின் சராசரி அழுத்தமோ 100. மாடிக் குழாயில் தண்ணீர் வராது.

முதலில் போவது கண். கண்ணுக்குள்ளேயே 15, 20 மி.மீ. அழுத்தம் இருப்பதால் அதைத் தாண்டி ரத்தம் நுழைய முடியாது. உட்கார்ந்திருந்து சட்டென்று எழுந்தால் “கண்ணு இருட்டுது” என்கிறோமே, அதே சங்கதி. இறுக்கம் இல்லாமல் உட்கார்ந்தவருக்கு 3, 4 ஜியில் நிறம் போய்ச் சாம்பலாகும், ஓரப் பார்வை சுருங்கிக் குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஆகும். இன்னும் ஒரு ஜி ஏறினால் முழு இருட்டு, ஆனால் நினைவும் காதும் இருக்கும். அதற்கும் மேலே நினைவு தப்பும். இதை ‘ஜி-லாக்’ என்பார்கள்.

இந்த வரிசை மெதுவாக ஏறும்போதுதான். இன்றைய விமானம் ஒரு விநாடியில் பல ஜி ஏறும். மூளையில் சேமிப்பாக இருக்கும் ஆக்ஸிஜன் 4 முதல் 6 விநாடிக்கு மட்டும். உடம்பு தானே இதயத் துடிப்பைக் கூட்டி அழுத்தத்தை ஏற்ற 6 முதல் 10 விநாடி ஆகும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில விநாடி இடைவெளியில்தான் விமானிகள் செத்திருக்கிறார்கள். கண் இருட்டும் எச்சரிக்கைகூட வராமல் நேராக நினைவு போகும். சுமார் 12 விநாடி உடம்பு தொங்கும், பிறகு கைகால் உதறும், அடுத்த 12, 15 விநாடி எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. பலருக்கு மயங்கியதே நினைவில் இருப்பதில்லை. அரை நிமிடத்தில் மூக்கைக் கீழே சாய்த்த விமானம் தரையை அடைந்துவிடும். அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானங்களில் 2014 முதல், தரை நெருங்கினால் தானே நிமிர்த்திக்கொள்ளும் கருவி வைத்திருப்பது இதற்காகத்தான்.

திசையும் முக்கியம். 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டாப் ராக்கெட் சறுக்குவண்டியில் 46 ஜிக்கு மேல் தாங்கினார். விசை மார்புக்கும் முதுகுக்கும் இடையே, மிகக் குறைந்த நேரம். தலை, கால் திசையில் அதில் பாதிகூடத் தாங்க முடியாது. தலைகீழ்த் திசையில் இன்னும் மோசம். மைனஸ் 2, 3 ஜியிலேயே ரத்தம் முகத்தில் பாய்ந்து கண் சிவக்கும். இன்னொரு வலை உண்டு. விமானத்தைக் கீழே தள்ளி உடம்பு லேசான நிலையில் சில விநாடி இருந்துவிட்டு உடனே இழுத்தால், வழக்கமாகத் தாங்கும் ஜியையும் தாங்காது. லேசானபோது தலையில் அழுத்தம் கூடியதைப் பார்த்து இதயம் மெதுவாகியிருக்கும். திரும்ப வேகமெடுக்க நேரம் வேண்டும்.

தம் கட்டும் முறை

இறுக்கம் இல்லாத உடம்பு தாங்குவது 4, 5 ஜி. காலையும் வயிற்றையும் இறுக்கும் ‘ஜி-சூட்’ உடுப்பு ஒன்று, ஒன்றரை ஜி சேர்க்கும். மீதி 3 ஜியைச் சேர்ப்பது விமானியின் தசையும் மூச்சும்தான். கிராமத்தில் மூட்டை தூக்குகிறவர் தம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒழுங்குபடுத்திய வடிவம் இது.

முதல் வேலை கால். ஜி ஏறத் தொடங்கும் முன்பே கெண்டைக்கால், தொடை, பிட்டம் எல்லாவற்றையும் கல்லாக இறுக்குங்கள். பாதங்கள் விமானத்தைத் திருப்பும் மிதிகளின் மேல் இருப்பதால் இரண்டையும் சமமாக அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் விமானம் பக்கம் திரும்பும். அடுத்து வயிறு. யாரோ குத்த வருவதுபோல் இறுக்குங்கள். பிறகு முக்கால் பங்கு மூச்சை இழுத்து, ‘ஹிக்’ என்று சொல்லத் தொடங்கி ‘க்’கிலேயே தொண்டையை அடைத்து நிறுத்துங்கள். அடைத்த தொண்டைக்கு எதிராக மார்பால் முக்குங்கள். முகத்தால் அல்ல. கன்னம் உப்பி நெற்றி நரம்பு புடைத்தால் அழுத்தம் தப்பான இடத்தில் போகிறது என்று அர்த்தம். மூன்று விநாடி பிடித்து, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் ‘கா’ என்று கொஞ்சம் காற்றை விட்டு, அதே நொடியில் உறிஞ்சி, மறுபடி ‘ஹிக்’. கால் இந்த நேரம் முழுக்க இறுகியே இருக்க வேண்டும்.

எங்கே தவறுகிறது? நான்கு இடம். ஜி ஏறிய பிறகு தொடங்குவது: ரத்தம் ஏற்கெனவே காலுக்குப் போயிருக்கும், துரத்திப் பிடிக்க முடியாது. மூன்று விநாடிக்கு மேல் பிடிப்பது: மார்பின் அழுத்தம் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையே அடைத்துவிடும். மூச்சு மாற்றும்போது முழுதாகக் காலி செய்வது: அந்த ஒரு விநாடியில் தலையின் அழுத்தம் சரியும். நான்காவது, அனுபவசாலிகளும் செய்வது: திருப்பம் முடியப்போகிறது என்று கொஞ்சம் முன்னதாகவே தளர்த்துவது, அல்லது ரேடியோவில் பதில் சொல்ல வாய் திறப்பது. பேசினால் தொண்டை திறக்கும். பதில் ஐந்து விநாடி காத்திருக்கட்டும்.

வீட்டில் முழு வேகத்தில் முக்கிப் பார்க்காதீர்கள். ரத்த அழுத்தம், குடலிறக்கம், கண் நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. மற்றவர்களும் கால் இறுக்கத்தையும் மூன்று விநாடித் தாளத்தையும் மட்டும் மெதுவாகப் பழகினால் போதும். அழுத்தத்தைப் பயிற்சியாளர் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜி-சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெண்டைக்கால், தொடை, வயிறு ஆகிய இடங்களில் காற்றுப் பைகள் உண்டு. 2 ஜி அளவில் ஊதத் தொடங்கி ஜி ஏற ஏற இறுக்கும். நடக்க வசதியாகத் திறந்து வைத்த ஜிப்பை மூட மறப்பதும், எடை குறைந்த பிறகு லேஸைத் திருத்திக் கட்டாததும்தான் வழக்கமான தவறுகள். சோதனைப் பொத்தானை அழுத்தி ஊதுகிறதா என்று தரையிலேயே பார்க்க வேண்டும். உதவும் உடுப்பே கெடுப்பதும் உண்டு. அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானிகளுக்குத் தொடர்ந்து மூச்சுத் தொல்லை வந்து 2011இல் அந்த விமானங்கள் சில மாதம் தரையில் நின்றன. தேவையில்லாத நேரத்தில் ஊதி மார்பை இறுக்கிய மேலுடுப்பின் வால்வும் அதற்கு ஒரு காரணம் என்று அடுத்த ஆண்டு கண்டறிந்தார்கள்.

சேலத்தில் இருந்துகொண்டே இப்போது செய்ய வேண்டியது

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதத்தில் சேலம் 40 டிகிரியைத் தொடும். வியர்வையில் போவது ரத்தத்தின் நீர். 60 கிலோ ஆள் 1.8 லிட்டர் இழந்தால் அதிக ஜியைத் தாங்கும் நேரம் பெருமளவு குறைகிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் நீர், உப்பு போட்ட மோர் குடியுங்கள். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம்.

வாரம் மூன்று நாள் பளு. ஸ்குவாட், டெட்லிஃப்ட், கால் அழுத்தம், வயிற்றுக்குப் பிளாங்க். கழுத்துக்குத் தனியாக: உள்ளங்கையை நெற்றியில், பக்கத்தில், பிடரியில் வைத்துத் தலை அசையாமல் எதிரெதிராக 5 முதல் 10 விநாடி அழுத்துங்கள். ஓட்டம் 20, 30 நிமிடம், வாரம் மூன்று நாள் போதும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓடியே ஏறுவது அருமையான சாதனைதான். ஆனால் நெடுந்தூர ஓட்டத்தையே முழுப் பயிற்சியாக்கிக்கொண்டால் இதயம் மெதுவாகத் துடிக்கப் பழகி, ஜி ஏறும்போது வேகமெடுக்கத் தயங்கும்.

ஹீமோகுளோபின் சோதனையை இந்த மாதமே செய்துவிடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். ரத்தசோகை இருந்தால் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்ய மாதங்கள் ஆகும், மருத்துவத் தேர்வுக்கு முந்தைய வாரம் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. புகை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். புகைப்பவர் தரையிலேயே சில ஆயிரம் அடி ஏறிய நிலையில் இருக்கிறார்.

காதை ஏற்காட்டுப் பாதையிலேயே சோதிக்கலாம். இறங்கும்போது அடைக்கும். விழுங்கியோ, மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதியோ திறக்கிறதா பாருங்கள். சளி பிடித்திருக்கும்போது இது திறக்காது, வலிக்கும். விமானிகளைச் சளியோடு பறக்க விடாததற்குக் காரணம் இதுதான், இறக்கத்தில் செவிப்பறை கிழியும்.

அளவுகள் சட்டென்று: பறக்கும் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விமானிகளுக்கான மருத்துவச் சோதனை பெங்களூரு வான்வெளி மருத்துவ நிறுவனத்தில் அல்லது டெல்லியில் நடக்கும். 1957இல் தொடங்கிய அந்தப் பெங்களூரு நிறுவனத்தில்தான் மனிதரை உட்கார வைத்துச் சுழற்றி ஜியை உண்டாக்கும் பெரிய சென்ட்ரிஃபியூஜும் இருக்கிறது. நீண்ட கையின் நுனியில் ஒரு கூண்டு, எதிரே விளக்குகள். ஓர விளக்கு மறைகிற ஜியைக் குறித்துக்கொள்வார்கள்.

பின்னாளில் அழுத்தக் குறைப்பு அறைக்குப் போகும்போது, முந்தைய இரவு மொச்சை, பயறு, முட்டைக்கோஸ், சோடா எதுவும் வேண்டாம். தட்டுவடை செட்டைத் திரும்பி வந்து சாப்பிடலாம். குடலில் இருக்கும் வாயு 25,000 அடியில் ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும், வயிற்றுவலியால் பாதியில் இறக்க வேண்டிவரும். வெளியே வந்ததும் யாரோடும் பேசும் முன் சிறு நோட்டில் எழுதுங்கள்: முதலில் என்ன வந்தது, இரண்டாவதாக என்ன, மூன்றாவதாக என்ன, எத்தனையாவது நிமிடத்தில். பக்கத்தில் இருந்தவர் உங்களிடம் பார்த்ததையும் கேட்டு அதன் கீழே எழுதுங்கள். இரண்டு பட்டியலும் பொருந்தாது. அடுத்த பயிற்சிக்கு முன் எடுத்துப் படிக்க வேண்டியது, பொருந்தாத அந்த வரிகளைத்தான்.